சிங்காநல்லூரில் ஒரு பிரெஞ்சுச் சுவர்விளக்கு

கோயம்புத்தூரில் இறங்கியதும் எனக்கு முதல் சந்தேகம் அந்த ஊரின் மரியாதைமேல்தான் வந்தது. பெட்டியை வாங்கி வண்டியில் வைத்த டிரைவர், "உக்காருங்க அம்மணி, ஏசி போடட்டுங்களா, தண்ணி வேணுங்களா, பாட்டு வெக்கட்டுங்களா" என்று ஒரே மூச்சில் கேட்டார். நான் காரைக்காலில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இத்தனை பணிவாகப் பேசினால், நம்மால் அவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பொருள். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

என் தொழிலே சந்தேகப்படுவதுதான். இருபத்தெட்டு வருடமாக பிரான்சில், லியோன் நகரத்தில், பழைய விளக்குகள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஐம்பதுகளில் அந்த நாட்டில் செய்த சுவர்விளக்குகள்தான் கடையின் பிழைப்பு. சுவரிலிருந்து ஒல்லியான இரும்புக் குழாய் ஒன்று கொக்குக் கழுத்தாக நீளும், அதைக் கை என்போம். நுனியில் அலுமினியக் கூடு, வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. நடுவில் ஒரு பித்தளை மூட்டு. கையால் தள்ளினால் வெளிச்சம் வேண்டிய பக்கம் திரும்பும். கொடி, பூ, கண்ணாடித் தொங்கல் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் வாத்தியார் வீட்டில்கூட இருந்த பொருள். இன்று அதற்கு வசதியானவர்கள் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காத்திருக்க ஆள் இருந்தால் போலி செய்யவும் ஆள் இருப்பான். எது அசல், எது போலி என்று பார்த்துச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

போன வருடம் ஒரு ஜோடி விளக்குக்கு அசல் என்று கையெழுத்துப் போட்டேன். அது அசல் இல்லை. வாங்கியவர் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, முதலாளியம்மா மதாம் ஒதில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து சான்றுத் தாளை என் பக்கம் நீட்டுவதை நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வருடமாக நான் பார்த்துச் சொல்வேன், அவர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவரே கையெழுத்துப் போடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சிங்காநல்லூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கடைப் படத்தில் உள்ள விளக்கு எங்களிடமும் இருக்கிறது. ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் விட்டுப்போனது. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. வந்து பாருங்கள்." கூடவே இரண்டு படங்கள். மதாம் ஒதில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் ஊர்ப் பக்கம்தானே, நீயே போ. அசல் என்றால் உன் கையெழுத்தோடு வரட்டும். ஆனால் இன்னொரு முறை தவறினால் சரிபார்க்கும் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்." காரைக்காலுக்கும் கோயம்புத்தூருக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்கு விளக்கி முடியாது. சரி என்று கிளம்பிவிட்டேன். அந்த மேசை போனால் எனக்கு அங்கே வயர் மாற்றும் வேலைதான் மிஞ்சும். ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

படங்களை விமானத்தில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். விளக்கு அழகாக இருந்தது. அதுதான் உறுத்தியது. எழுபது வயதான பொருள் இத்தனை அழகாக இருக்கக்கூடாது.

மறுநாள் காலை அதே டிரைவர் வந்தார். விடுதியில் இட்லி நன்றாகவே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் "சிறுவாணித் தண்ணிங்க, அதான்" என்று தானாக வந்து விளக்கம் கொடுத்தார். கேட்காமலே சொல்லப்படும் விளக்கம் எதையும் நான் குறித்து வைத்துக்கொள்வேன். திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஒரு சந்துக்குள் திரும்பியது. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "சித்தெ இருங்க, கொஞ்ச நேரந்தானுங்க" என்றார் டிரைவர். நான் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் மதாமுக்கு அனுப்பிவைத்தேன். லியோனில் அப்போது விடிந்திருக்காது என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. வண்டி ஒரு இளநீர்க் கடை முன்னால் நின்றது. "வெயில் நெம்ப ஏறுதுங்க. ஒரு எளநீ குடிச்சுப்போட்டுப் போலாங்க, இங்கதான் நல்லாருக்கும்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். இளநீரில் ஏற்கெனவே ஓட்டை ஏதும் போட்டிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

மின்னஞ்சல்காரர் பெயர் நாச்சிமுத்து. அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அளவுகோலும் பேனாவும். சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வீடு வேறு தெருவில். கேட்டருகிலேயே நின்றிருந்தார். "வாங்க அம்மணி, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமுங்களா?" அவர் மனைவி கலாமணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "கண்ணு, மொதல்ல கை கழுவு. சோறாயிருச்சு." இந்த வயதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்ட முதல் மனுஷி அவர்தான். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. லியோனில் பத்து வருடம் பழகிய பிறகு ஒரு சக ஊழியர் என்னை வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். அதுவும் முன்னதாகத் தேதி குறித்து. இங்கே பொருளைக் காட்டும் முன்பே சோற்றைக் காட்டினால் நான் என்னவென்று நினைப்பது?

அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுச் செய்த சாதம், மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். ருசியைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், கலாமணி கைக்கு அந்தப் பக்கமாகப் பரிமாறினார். "வேண்டாங்க, நிஜமாவே போதும்" என்றேன். "ஆமா ஆமா" என்று சொல்லி இன்னொரு கரண்டி நெய் விட்டார். வேண்டாம் என்று நான் சொன்னது எதுவும் அந்த வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளக்கைக் காட்டினார்கள். கூடத்துச் சுவரில், சோபாவுக்கு மேலே, புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. அசல் விளக்கின் மூட்டு நாளாக ஆகத் தளர்ந்து கை தொங்கிவிடும். அது அதன் பிறவிக் குணம். இதுவோ எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நின்றது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. கூட்டைக் கழற்றி, திருகு மரையின் இடைவெளியைப் பார்க்கும் என் சின்னத் தகடுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிரான்சில் மரை மில்லிமீட்டர் கணக்கில் ஓடும். இங்கே பழைய பட்டறைகளில் அங்குலக் கணக்கு. இந்த விளக்கில் அங்குல மரை. வேறு சாட்சி தேவையில்லை. சுவரோடு பதிந்த பட்டையைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும் என்பது வாடிக்கை. நெய்ச்சோறு உண்ட மயக்கமோ, கண்டுபிடித்துவிட்ட திருப்தியோ, அதை நான் செய்யவில்லை.

"எப்பிடி இருக்குதுங்க?" என்றார் நாச்சிமுத்து. முகத்தில் அப்படியொரு பெருமை. எத்தனையோ பேர் போலியை நீட்டும்போது பார்த்திருக்கிறேன். கண் ஒரு கணமாவது வேறு பக்கம் போகும். இவர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய கைகாரராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"நாளைக்குப் பட்டறைக்கு வாங்க அம்மணி. இன்னும் நெறைய இருக்குதுங்க" என்றார்.

இன்னும் நிறைய! வண்டியில் ஏறியதும் மதாமுக்கு எழுதினேன்: "போலி. புதிதாகச் செய்தது. ஒன்றல்ல, இவர்கள் ஒரு கும்பலாகவே செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாளை நேரில் பார்த்து எழுதுகிறேன்." மதாமிடமிருந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு "நன்று" என்று பதில் வந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் டிரைவருக்கு முன்னதாகக் கிளம்பி, டவுன் பஸ்ஸில் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிடிக்க வேண்டும் என்று திட்டம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பெண்ணிடம் வழி கேட்டதுதான் தவறு. அவர் கூடவே நடந்து வந்து பட்டறை வாசலில் விட்டு, உள்ளே பார்த்து, "ஏனுங்க, உங்கூட்டு ஒறம்பரை வந்திருக்காங்க" என்று தெருவே கேட்கக் கூவிவிட்டுப் போனார். ஒறம்பரை என்றால் அங்கே விருந்தாளி. நான் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள்.

உள்ளே ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஒரு பலகைமேல் ஏழெட்டு அலுமினியக் கூடுகள் வரிசையாக இருந்தன. இன்னொரு பக்கம் வளைத்த குழாய்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இதையெல்லாம் அசல்னு சொல்லித்தான் விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். லேத் மிஷினில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. "அசலுங்களா? நம்முளுதுதானுங்க இது. பேரே பொறிச்சிருக்குதுங்களே" என்று ஒரு பட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் அவர் பட்டறையின் பெயர் தமிழில் வெட்டியிருந்தது.

"வீட்டுல இருந்தது?"

"அதும் நம்முளுதுங்க. போன மாசந்தான் செஞ்சது. உங்க கடைப் படத்துல பாத்தனுங்க, அந்த லைட்டுக்கெல்லாம் கை தொங்குது. நம்ம லைட்டுல மூட்டுக்குள்ள வெங்கல வளையம், புஷ்ஷும்பாங்க, அது போட்டிருக்குதுங்க, ஆயுசுக்கும் தொங்காது. அதையக் காட்டி ஆர்டர் கேக்கலாம்னுதானுங்க உங்களுக்கு எழுதச் சொன்னேன்." மின்னஞ்சலை எழுதியது சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள். ஆட்கள் முதலில் நேரில் வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சுருக்கி எழுதிவிட்டாளாம்.

அவர் செய்ததை அவர் செய்தது என்றுதான் பெருமையாகக் காட்டியிருக்கிறார். "அப்போ பிரெஞ்சு இன்ஜினியர் விட்டுப்போனது?" என்று கேட்டேன்.

"அதுங்களா…" என்று கொஞ்சம் கூச்சத்தோடு மேலே கையைக் காட்டினார்.

மூலையில் இருந்த பழைய லேத்துக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு பச்சைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின்களுக்கு அடிக்கும் அதே பச்சை. கூடும் பச்சை. நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் கூட்டின் முன்னால் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. கை தொங்காமலிருக்க ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அவருடைய அப்பா ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தாராம். புது மிஷின் பூட்ட வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் விருந்தினர் விடுதியில் மாதக்கணக்கில் தங்கியிருந்து, ஊருக்குத் திரும்பும்போது தன் அறையில் மாட்டியிருந்த இந்த விளக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா பட்டறை வைத்தபோது லேத்துக்கு மேலே மாட்டினார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பது வழக்கம். விளக்கும் லேத்தின் உறுப்புதானே, அதற்கும் ஒரு கோட்டிங்.

"இதை ஏன் எனக்குக் காட்டல?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது.

"அத்தன தொலவுல இருந்து வர்ற ஒறம்பரைக்கு இதையக் காட்டறதுங்களா?" என்றார் அவர். "பாக்கவே சகிக்காதுங்க. படத்துலயும் செரி, நேர்லயும் செரி, இருக்கறதுல நல்லதத்தானுங்க காட்டோணும்."

ஸ்டூல் போட்டு ஏறினேன். கூட்டின் ஓரத்தில் நகத்தளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பச்சைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே கொஞ்சம் நீலம், மறுபடி பச்சை, இடையிடையே மயிரிழை அளவுக்குக் குங்குமச் சிவப்பு. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் அடியில், உலோகத்தை ஒட்டி, கறுப்பு. கையைக் கழற்றி மரையில் தகட்டை வைத்தேன். மில்லிமீட்டர். இத்தனை வருடத்துப் பூஜையை ஒருவன் ஒரு மாதத்தில் போலி செய்ய முடியாது. உலகத்தில் எந்த விளக்குக்கும் இப்படியொரு பிறப்புச் சான்று நான் கண்டதில்லை. ஸ்டூலைவிட்டுக் குதித்தே இறங்கினேன். சந்தோஷத்தில்தான்.

அங்கிருந்தே கைப்பேசியில் மதாமைக் கூப்பிட்டேன். ஐந்தாறு படங்களும் அனுப்பினேன்.

"நேற்று போலி என்றாய்."

"நேற்றுப் பார்த்தது வேறு விளக்கு."

"ஒரே ஆள், ஒரே ஊர், நேற்று போலி, இன்று அசல். சாப்பாடு நன்றாகப் போடுகிறார்களோ?"

"கொண்டுவருகிறேன், பாருங்கள்" என்று வைத்துவிட்டேன்.

நாச்சிமுத்துவிடம் அந்தப் பழசுக்கு பிரான்சில் நல்ல மதிப்பு உண்டு என்றேன். அவர் முதன்முறையாக என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "கேலி பண்றீங்களா அம்மணி? தொங்கற லைட்டுக்கா?" பிறகு, விற்றால் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பழசையும் எடுத்துப் போங்கள், கூடவே தன் விளக்கு ஒன்றையும் எடுத்துப்போய் உங்கள் முதலாளியிடம் காட்டினால் போதும் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். "இதைத் துடைக்கக்கூட வேண்டாங்க. அழுக்கோட, பொட்டோட, அப்படியே சாக்குல சுத்திக் குடுங்க. அது போதும்."

"செரிங்க, செரிங்க" என்றார்.

நான்காம் நாள் காலையில் கணவனும் மனைவியும் காரோடு விடுதி வாசலில் நின்றார்கள். பவானிக்குப் போகலாம், கூடுதுறை பார்க்காமல் திரும்பினால் எப்படி என்றார்கள். கலாமணி சந்தகை, அதாவது அவர்கள் ஊர் இடியாப்பம், பிழிந்து, தேங்காய்ப்பாலைத் தனித் தூக்கில் எடுத்து வந்திருந்தார். விளக்கை வாங்கிக்கொண்டு அறையிலேயே இருக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "லைட்டு எங்க?" என்றேன். "பத்தரமா இருக்குதுங்க" என்று நாச்சிமுத்து முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். நேற்றெல்லாம் நேராக என் கண்ணைப் பார்த்த மனிதர்.

வழியெல்லாம் அவருக்குக் கைப்பேசி அழைப்பு. ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெருந்துறை தாண்டி டீக்கு நிறுத்தியபோது ஒரு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய்ப் பேசினார். காற்று என் பக்கம் அடித்தது. "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுப்போடோணும். அம்மணிக்குத் தெரிய வேண்டாம்."

டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். நான் மதிப்பு என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். அசலை வைத்துக்கொண்டு, தன் விளக்கு ஒன்றுக்குப் பச்சையடித்துப் பொட்டு வைத்து என் தலையில் கட்டப் போகிறார். அதற்குத்தான் என்னை ஊரைவிட்டுக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். பின் சீட்டில் கலாமணி என் வாயில் சந்தகையை ஊட்டாத குறையாகத் திணித்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாளும் கூட்டுதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஏனென்றால் எனக்கு அவரை அதற்குள் பிடித்துப் போயிருந்தது.

கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேர்கின்றன. லியோனிலும் இரண்டு ஆறுகள் சேர்கின்றன. நிறம் வேறு வேறாக இருப்பதால் எங்கே சேர்கிறது என்று கோடு கிழித்தாற்போல் தெரியும். இங்கே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறு ஒன்றும் சேர்கிறது என்று கலாமணி கும்பிட்டபடி சொன்னார். அதற்கு யார் சான்று கொடுத்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கடைத்தெருவில் ஒரு ஜமுக்காளம் வாங்கி, லைட்டைச் சுற்றிக் கொண்டுபோக ஆகும் என்று என் கையில் கொடுத்தார். பட்டறைக்குத் திரும்பலாம் என்று நான் மூன்றாம் முறையாகச் சொன்னதும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பட்டறை வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பழைய லேத்துக்கு மேலே சுவர் காலியாக இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு விளக்கு. கறுப்பு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பச்சையைக் காணோம். பொட்டைக் காணோம்.

"பழசு எங்க?" என்று கத்தினேன்.

"இதுதானுங்க பழசு!" நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் பல். "உங்க கடைப் படத்துல கறுப்பாத்தான இருக்குது, அதே கறுப்புங்க. மிஷின்ல மண்ணு பீச்சியடிச்சுப் பழைய பெயிண்ட சுத்தமா எடுத்து, ஒடுக்கெடுத்து, பவுடர் கோட்டிங் பண்ணியாச்சுங்க. மூட்டுல நம்ம புஷ்ஷே போட்டுட்டேன், இனித் தொங்காது. மரை வேற தேஞ்சு கெடந்துச்சு, நம்ம மரையே ஓட்டிப்போட்டனுங்க. இப்பப் பாருங்க, புதுசாட்ட இருக்குதா?"

நான் கூட்டைக் கையில் எடுத்தேன். விளிம்பில் விரலை ஓட்டினேன். அசலின் விளிம்பு ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது, நேற்று ஸ்டூலில் நின்று தடவியபோது விரல் அறிந்தது. அது அங்கேயே இருந்தது. அவர் பொருளை மாற்றவில்லை. அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் போய் வந்திருக்கிறேன். என் விரலுக்குத் தெரிகிறது. விரலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இனிமேல் அதைச் சொல்லாது.

"அப்படியே குடுங்கன்னு சொன்னேனே" என்றேன்.

"ஒறம்பரை அப்பிடித்தானுங்க சொல்லுவாங்க" என்றார் நாச்சிமுத்து. "சோறு போட்டாலும் போதும் போதும்னுதான் சொன்னீங்க. அதுக்காவ உட்டுர்றதுங்களா? அத்தன தொலவு எடுத்துட்டுப் போற சாமான, அழுக்கோட குடுத்தா நமக்கு மரியாதைங்களா?"

கலாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, புடிச்சிருக்குதா? நேத்து ராத்திரியே நாந்தான் சொன்னேன், பாத்தா அசந்து போயிருவான்னு."

நான் உண்மையிலேயே அசந்துதான் போயிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கலாமணி முந்தானையால் துடைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் கிளம்பினேன். ஜமுக்காளத்துக்குள் இரண்டு விளக்குகள், பக்கத்தில் பக்கத்தில், அச்சில் வார்த்தாற்போல. அவர் செய்த விளக்கின் பட்டையில் மட்டும் பெயர் வெட்டியிருந்தது. வழியனுப்ப வந்த நாச்சிமுத்து, "ஆர்டர் விசயம் மறந்துராதீங்க அம்மணி" என்றார். டிரைவர் மீண்டும் இளநீர்க் கடையில் நிறுத்தினார். இந்த முறை இளநீரைச் சுற்றிப் பார்க்கவில்லை.

லியோனில் மதாம் ஒதில் இரண்டையும் சரிபார்க்கும் மேசையில் வைத்தார். பெயர் வெட்டிய விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைத் திருப்பினார். மூட்டை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. மரையில் தகட்டை வைத்தார். அங்குலம்.

"இரண்டு புது விளக்குகள் வாங்கி வந்திருக்கிறாய்" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். பூஜை, பெயிண்ட், பொட்டு, கடைசியில் மண்ணைப் பீச்சியடித்தது வரை. சொல்லும்போதே என் காதுக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. படங்களைக் காட்டினேன்.

"படத்தில் இருப்பது பச்சை விளக்கு. மேசையில் இருப்பது கறுப்பு விளக்கு. அதுதான் இது என்று யார் சொல்வது?"

நாச்சிமுத்து வீட்டுக் கூடத்தில் நான் அவரைப் பார்த்த அதே பார்வையை மதாமின் கண்ணில் பார்த்தேன். "நான் சொல்கிறேன்" என்றேன்.

"இது நமக்கு வேண்டாம் என்று சொல். வீண் அலைச்சல், போலிதான் என்று எழுதிக்கொடு. மேசை உன்னிடமே இருக்கட்டும்" என்றார். கெட்டவர் இல்லை அவர். எனக்கு வழி விட்டுத்தான் பேசினார்.

ஒரு வருடமாக நான் தொடாத சான்றுத் தாளை அவர் பக்கமிருந்து நானே இழுத்துக்கொண்டேன். அசல் என்று எழுதி, பளபளப்பும் மூட்டும் மரையும் பின்னால் செய்தவை என்று ஒரு வரி சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை அந்த மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். நான் பின்னறையில் வயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே நாச்சிமுத்து கைப்பேசியில் கூப்பிட்டார். பின்னால் கலாமணி, நான் சாப்பிட்டேனா என்று கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"லைட்டு பத்தரமா வந்துச்சுங்களா அம்மணி? உங்க மொதலாளி பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"நாம அடிச்ச கோட்டிங் அவங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் தெரிந்தே நான் ஒரு பொய்ச் சான்றும் கொடுத்ததில்லை.

"ரொம்பப் புடிச்சுதுங்க" என்றேன்.